மஜாபாகித் என்னும் மந்திரச் சொல்

கெரிஸ் என்று ஜாவானியரும் மலாய் மக்களும் வழங்கும் குறுவாள் ஒன்று எங்கேனும் வெளிப்பட்டால், அதை உறையிலிருந்து உருவுவதற்கு முன்னரே அதன் வயது அறிவிக்கப்பட்டுவிடுகிறது. "மஜாபாகித் காலத்தது" என்கிறார் வைத்திருப்பவர். "அறுநூறு ஆண்டுப் பழமை" என்கிறார் விற்பவர். கேட்பவர் வியந்து தலையசைக்கிறார். அலகு எங்கே அடிக்கப்பட்டது, கைப்பிடி எந்த ஊர் வேலைப்பாடு, உறை அவ்வலகுக்கென்றே செய்யப்பட்டதா என்று வினவுகிறவன் ரசனையற்றவன் என்று பெயர் வாங்குகிறான். அப்பெயரை ஏற்கத் துணிந்தே இதனை எழுதுகிறோம்.

பழமையைப் போற்றுவது நற்பண்பு. இட்டுக்கட்டிய பழமையைப் போற்றுவதோ, உண்மைப் பழமைக்கு நாம் இழைக்கும் அநீதி. சபர் சென்று மீண்ட முன்னோர் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கொணர்ந்த பொருள்களோடு நம் இல்லங்கள் சிலவற்றின் பெட்டகங்களிலும் ஒரு கெரிஸ் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும். ஆதலின் இஃது அயலார் விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

மஜாபாகித் 1293ஆம் ஆண்டில் கிழக்கு ஜாவாவில் எழுந்த பேரரசு. 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது மறைந்தது. பின்னர் டெமாக் வந்தது, பாஜாங் வந்தது, மத்தாராம் வந்தது. 1755இல் மத்தாராம் அரசு சுராகர்த்தா, யோக்யகர்த்தா என இரண்டாகப் பிரிந்தது. இத்தனை அரசுகளின் கீழும் கொல்லர்கள் அலகு அடித்துக்கொண்டே இருந்தார்கள். 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிய போர்த்துக்கீசியரான தோமே பிரெஸ், ஜாவாவில் பன்னிரண்டு வயது முதல் எண்பது வயது வரை எந்த ஆடவனும் இடுப்பில் கெரிஸ் இன்றி வெளியே செல்வதில்லை என்று குறித்திருக்கிறார். அவர் கூற்றில் சிறிது மிகை இருப்பினும், எத்தனை எத்தனை அலகுகள் ஒவ்வொரு தலைமுறையிலும் தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று கிடைப்பவையெல்லாம் மஜாபாகித் காலத்தவை என்றால், அவ்வரசு வீழ்ந்த அன்றே ஜாவாவின் உலைக்களங்கள் யாவும் அணைந்தா போயின?

"அலகு தேய்ந்து மெலிந்திருக்கிறதே, அது போதாதா?" என்பார்கள். போதாது. இரும்பு மழை நாட்டில் நீண்ட நாள் நிலைப்பது அரிது என்பது உண்மையே. எனினும் ஜாவாவில் அலகு தேய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. சூரோ மாதம் என்று ஜாவானியர் அழைக்கும் முஹர்ரத்தில் கெரிஸைக் கழுவித் துலக்குவது அந்நாட்டு வழக்கம். எலுமிச்சைச் சாற்றால் துருவை நீக்கி, பாஷாணம் கலந்த சாற்றைப் பூசுவார்கள். அப்போது இரும்பு கறுக்கும். நிக்கல் கலந்த பகுதி வெண்மையாக ஒளிரும். 'பாமோர்' எனப்படும் கோலம் அவ்வாறே தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் புளிப்பு சிறிது உலோகத்தைத் தின்றுவிடுகிறது. ஆண்டுதோறும் கழுவப்பட்ட நூற்றைம்பது ஆண்டு அலகு, பேணிப் பூட்டி வைக்கப்பட்ட முந்நூறு ஆண்டு அலகைவிட மெலிந்து காணப்படலாம். தேய்மானம் பராமரிப்பின் வரலாற்றைச் சொல்லும். பிறந்த ஆண்டை அது சொல்வதில்லை.

இங்கே கெரிஸ் என்பது ஒரே பொருள் என்னும் மயக்கத்தையும் களைந்தாக வேண்டும். அலகு ஒன்று, அதன் அடியில் குறுக்காகப் பொருந்தும் 'கஞ்ஜா' மற்றொன்று, கைப்பிடி வேறு, கைப்பிடியின் அடியில் அமையும் 'மெண்டாக்' வளையம் வேறு, 'வாராங்கா' எனப்படும் மர உறை வேறு, அவ்வுறைமீது போர்த்தும் 'பெண்டோக்' என்னும் உலோகக் கூடு வேறு. இவை யாவும் கழற்றி மாற்றத் தக்கவை. தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனாரிடமிருந்து மருமகனுக்கும் அலகு சென்றது. ஜாவாவின் வரலாற்றை 1817இல் வெளியிட்ட ராஃபிள்ஸ், போர்க்கோலம் பூண்ட ஜாவானியன் மூன்று கெரிஸ்கள் அணிவான் என்றும், ஒன்று தன்னுடையது, ஒன்று முன்னோர் வழி வந்தது, ஒன்று திருமணத்தின்போது மாமனார் அளித்தது என்றும் எழுதுகிறார். இவ்வாறு கைமாறும் அலகுக்குப் புதிய உடைமையாளர் தம் ஊர் வழக்கப்படி புதிய உறை செய்வார். பதவி உயர்ந்தால் பெண்டோக்கை மாற்றுவார். கைப்பிடி விரிந்தால் வேறு பொருத்துவார். சுராகர்த்தா உறைக்குள் மதுராத் தீவின் அலகு இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டுக் கைப்பிடியின் கீழே 17ஆம் நூற்றாண்டு இரும்பு இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். உறையின் அழகைப் பார்த்து அலகின் வயதைச் சொல்வது, அணிந்திருக்கும் சட்டையைப் பார்த்து ஆளின் வயதைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இனி, மஜாபாகித் என்று சாதிப்போர் காட்டும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'கெரிஸ் மஜாபாகித்' என்னும் பெயரையே தாங்கி வரும் சிறிய கத்தி. அலகும் கைப்பிடியும் ஒரே இரும்பால் ஆனவை; கைப்பிடி குனிந்த மனித உருவாக இருக்கும். மலாய் நாட்டிலும் ஐரோப்பியச் சேகரிப்பாளரிடையேயும் இப்பெயர் வேரூன்றிவிட்டது. ஜாவாவிலோ இதற்கு 'கெரிஸ் சாஜேன்' என்று பெயர். படையல் கெரிஸ் என்று பொருள். கிராமச் சடங்குகளில் படையலோடு வைக்கப்பட்ட பொருள் அது. இவற்றுட் சில பழமையானவையாக இருக்கலாம். எனினும் கிராமச் சடங்கு நீடித்தவரை இக்கத்தியைச் செய்வதற்கும் தேவை இருந்ததன்றோ! பின்வந்தோர் சூட்டிய பெயரைப் பிறப்புச் சான்றிதழாகக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

இரண்டாவது, விண்கல். "வானிலிருந்து விழுந்த இரும்பால் மஜாபாகித் கொல்லன் அடித்தது" என்று ஒரே மூச்சில் கூறுவோர் உளர். பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் பெரும்பகுதி 1797இல் சுராகர்த்தா அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அரண்மனைக் கொல்லர்கள் அதிலிருந்து எடுத்த உலோகத்தை அலகுகளில் சேர்த்தனர். அவ்வுலோகம் உண்மையிலேயே ஓர் அலகில் இருக்குமானால், அவ்வலகு மஜாபாகித் மறைந்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பிற்பட்டது என்றே முடியும்! விற்பவர் கூறும் இரண்டு பெருமைகளும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. பெரும்பாலான பாமோர், நிக்கல் கலந்த மண்ணக இரும்பால் ஆனது; சுலாவேசியின் லூவுப் பகுதி இரும்பு அதற்குப் புகழ் பெற்றிருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய நிக்கலும் கொல்லர் கைக்கு வந்து சேர்ந்தது. பளிச்சென்ற வெள்ளைக் கோடுகளைக் கண்டவுடன் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுவதில்லை.

மூன்றாவது, கைப்பிடி. "மனித உருவோ பூத உருவோ செதுக்கியிருந்தால் இஸ்லாத்துக்கு முற்பட்டது, உருவம் மழுங்கியிருந்தால் பிற்பட்டது" என்பது பலரும் ஒப்பிக்கும் சூத்திரம். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. நம் போன்றோருக்கு ஏற்புடையதாகவும் தோன்றுகிறது. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். மத்திய ஜாவாவில் உருவம் சுருங்கிக் கோடுகளாகவும் சிறு செதுக்கல்களாகவும் ஆனது மெய்தான். ஆனால் வடகரையிலுள்ள சிரெபோன் முஸ்லிம் சுல்தான்கள் ஆண்ட நாடு. அங்கே பூத உருக் கைப்பிடிகள் தொடர்ந்து செதுக்கப்பட்டன. பாலித் தீவோ இந்து சமயத்தைக் கைவிடவே இல்லை. அங்கே இன்றும் உருவக் கைப்பிடிகள் செய்யப்படுகின்றன. ஆக, ஓர் உருவம் ஊரையும் மரபையும் சுட்டலாம். அது நூற்றாண்டைச் சுட்டுவதில்லை.

நான்காவது, அலகின் வளைவுகள். 'லுக்' எனப்படும் இவை எப்போதும் ஒற்றைப்படை எண்ணிலேயே வரும். நேரான அலகே பழையது, வளைந்தது புதியது என்பர் சிலர். வளைவு மிகுந்தால் அரச குடும்பத்தது என்பர் வேறு சிலர். நேரான அலகும் வளைந்த அலகும் எல்லாக் காலத்திலும் அருகருகே செய்யப்பட்டன. முனையின்மேல் கெரிஸ் தானே நிமிர்ந்து நிற்பதைக் காட்டி, "பார், இதன் சக்தியை!" என்று வியப்பூட்டுவோரும் உண்டு. அலகும் பிடியும் நன்கு சமன் செய்யப்பட்டிருந்தால் அது நிற்கும். நேற்றுச் செய்ததும் நிற்கும்.

ஐந்தாவது, எழுத்தில் பொறித்த ஆண்டு. இதுவே வலிய சான்று. ஆயினும் படிக்கத் தெரியாதவர் கையில் இதுவும் பொய்யாகிவிடும். பழைய ஜாவா சக ஆண்டை வழங்கியது. அதனோடு 78 கூட்டினால் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். 1633இல் மத்தாராமின் சுல்தான் அகுங் ஒரு புதுமை செய்தார். சக ஆண்டின் எண்ணிக்கை 1555ஐ அப்படியே தொடரவிட்டு, மாதங்களை மட்டும் ஹிஜ்ரிக் கணக்குப்படி சந்திர மாதங்களாக்கினார். ஆஷூராவின் பெயரால் முஹர்ரம் சூரோ ஆயிற்று. அன்றுமுதல் ஜாவானிய ஆண்டும் கதிரவன் ஆண்டும் விலகத் தொடங்கின. ஒரு பொருளில் ஜாவானிய ஆண்டு 1800 என்று இருப்பதாகக் கொள்வோம். பழைய முறைப்படி 78 கூட்டுவோர் 1878 என்பர். ஹிஜ்ரிக் கணக்கு அறிந்த நம் வாசகர் 512ஐக் கழித்துப் பார்க்கட்டும்: ஹிஜ்ரி 1288, அதாவது 1871-72. ஏறத்தாழ ஏழாண்டுப் பிழை ஒரே கூட்டலில் நேர்ந்துவிட்டது.

ஆறாவது, கதை. எம்பு காண்ட்ரிங் என்னும் கொல்லன் அடித்த கெரிஸால் கென் அரோக் அவனையே குத்திக் கொன்றதும், கொல்லனின் சாபம் தலைமுறைகளைத் தொடர்ந்ததும் 'பரரத்தோன்' என்னும் நூலில் வருகின்றன. கதை நிகழ்வது 13ஆம் நூற்றாண்டில். நூல் எழுதப்பட்டதோ 15ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பின்னர். நூலாசிரியர் தம் காலத்துக் கெரிஸைக் கண்முன் வைத்துக்கொண்டு பழங்கதை சொல்லியிருக்கலாம் அல்லவா? கதை நடந்த காலம் வேறு, அது சொல்லப்பட்ட காலம் வேறு என்னும் பாகுபாட்டை மறந்தோமானால், எந்தக் கெரிஸுக்கும் எந்த வயதையும் சூட்டிவிடலாம்.

இவ்வளவும் கேட்டபின், "ஜாவானியருக்கே உரிய 'தங்குஹ்' முறை இருக்கிறதே, அதையும் மறுக்கிறீரா?" என்று வினவக்கூடும். மறுக்கவில்லை, அதன் எல்லையைக் காட்டுகிறோம். இரும்பின் நிறமும் மணமும், பாமோரின் அமைப்பு, அலகு சாய்ந்து நிற்கும் கோணம், கஞ்ஜாவின் வடிவு ஆகியவற்றை நோக்கி, இது பாஜாஜாரான், இது மஜாபாகித், இது டெமாக், இது மத்தாராம் என்று வகுப்பதே தங்குஹ். அச்சொல்லுக்கே மதிப்பீடு என்றுதான் பொருள். பல்லாயிரம் அலகுகளைத் தொட்டுப் பழகிய கைகளின் அறிவு அது. ஆனால் மஜாபாகித் பாணி என்று தேர்ந்தவர் கூறுவதும், மஜாபாகித் காலம் என்று விற்பவர் கூறுவதும் ஒன்றல்ல. பழம்பாணியைப் பிற்காலக் கொல்லன் விரும்பிப் பின்பற்றுவான். அரசன் கேட்டால் பாட்டன் வாளைப்போலவே ஒன்று அடித்துத் தருவான். பாணிக்குச் சூட்டிய பெயரை ஆண்டுக் கணக்காக மொழிபெயர்த்த குற்றம் தங்குஹ் அறிந்த முதியோருடையதன்று. அவர்களிடமிருந்து ஒரு சொல்லை மட்டும் களவாடிய வணிகருடையது.

இதற்கு மறுதலையான பிழை ஒன்றும் உண்டு. "எதையும் அறிய முடியாது, எல்லாம் கட்டுக்கதை" என்று கைகழுவுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். இதுவும் சோம்பலின் மறுவடிவமே. லாவு மலைச் சரிவிலுள்ள சுக்குஹ் கோயிலில், 15ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஒன்று உலைக்களத்தையே காட்டுகிறது. கொல்லன் அலகு அடிக்கிறான், துருத்தி ஊதப்படுகிறது, செய்து முடித்த படைக்கலன்கள் வரிசையாக இருக்கின்றன. அதே நூற்றாண்டில் ஜெங் ஹோவின் கப்பற்படையோடு சென்ற சீன முஸ்லிம் மா ஹுவான், மூன்று வயதுச் சிறுவன் முதல் முதியோர் வரை ஜாவா ஆடவர் யாவரும் இடையில் கத்தி செருகியிருந்ததையும், அவ்வலகின் கோலத்தையும், பொன்னாலும் காண்டாமிருகக் கொம்பாலும் தந்தத்தாலும் ஆன பிடிகளில் மனித முகமும் பேய் முகமும் செதுக்கப்பட்டிருந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். சார்ல்ஸ் நாட் என்ற டச்சுக்காரர் 19ஆம் நூற்றாண்டில் பாகு ஆலம் அரச குடும்பத்தாரிடமிருந்து பெற்ற கெரிஸில், அலகின்மேல் மெல்லிய செப்புத் தகடு போர்த்தி இராமாயணக் காட்சிகள் அமைக்கப்பட்டுள்ளன. அதில் சக 1264, அதாவது 1342 என்னும் ஆண்டு காணப்படுகிறது. ஆண்டு தாங்கிய அத்தகைய ஒன்று எத்துணை அரிது என்பதாலேயே அதற்கு அவ்வளவு பெருமை. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசர்களின் அரும்பொருள் அறைகளுக்குச் சென்று, பட்டியலில் பதிவான கெரிஸ்களும் உள்ளன. பட்டியல் ஆண்டுக்குப் பின் அவை பிறந்திருக்க முடியாது. ஆதலின் அவை அளவுகோல்களாகப் பயன்படுகின்றன. ஆம், அறிய முடியும். உழைத்தால் அறிய முடியும்.

அவ்வுழைப்பு எத்தகையது என்பதற்கு இளவரசர் திபோநெகோரோவின் கெரிஸே சான்று. 1825 முதல் 1830 வரை டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட அவ்வீரர், 1830 மார்ச் 28இல் மகேலாங்கில், பேச்சுவார்த்தைக்கு வந்த இடத்திலேயே சிறைப்பிடிக்கப்பட்டார். 1855இல் மக்காஸாரில் நாடுகடத்தப்பட்ட நிலையிலேயே மறைந்தார். 'கியாய் நாக சிலுமான்' என்னும் அவருடைய கெரிஸ் கர்னல் கிளீரென்ஸ் வழியாக நெதர்லாந்து மன்னர் முதலாம் வில்லியத்தைச் சேர்ந்து, அரும்பொருள் அறையில் வைக்கப்பட்டது. 1883இல் அவ்வறை கலைக்கப்பட்டபோது லெய்டன் அருங்காட்சியகத்துக்கு மாறியது. அங்கே எண்ணற்ற கெரிஸ்களுக்கிடையே தன் பெயரை இழந்தது. 1970களின் பிற்பகுதியில் இளவரசரின் சேணமும் குடையும் ஈட்டியும் இந்தோனேசியாவுக்குத் திரும்பின, கெரிஸ் திரும்பவில்லை. கொடுக்க மனமிருந்தாலும், எதைக் கொடுப்பது?

அதை மீட்டுத் தந்தவை எழுத்துகள். அரும்பொருள் அறையோடு நடந்த கடிதப் போக்குவரத்து ஒன்று. இளவரசர் கெரிஸைக் கிளீரென்ஸிடம் அளித்ததைத் தம் கண்ணால் கண்டதாக, அவருடைய படைத்தலைவர் செந்தோத் அலிபாஷா ஜாவானிய மொழியில் எழுதிய சாட்சியம் மற்றொன்று. அப்போது நெதர்லாந்தில் இருந்த ஓவியர் ராடன் ஸாலிஹ், அக்கெரிஸையும் பெயரையும் விளக்கி எழுதிய குறிப்பு மூன்றாவது. ஆய்வாளர்கள் இவற்றை அலகோடு ஒப்பிட்டனர்; இந்தோனேசிய வல்லுநரும் சரிபார்த்தனர். 2020 மார்ச்சில் அது தாயகம் திரும்பியது. அப்போதும் வாதம் ஓயவில்லை. அலகின் வடிவம் நாக சிலுமான் வகைக்குப் பொருந்தவில்லையே என்று ஜாவாவிலேயே கேட்டார்கள். ஒரு கெரிஸுக்கு இட்ட சிறப்புப் பெயர் வேறு, வடிவ வகைப் பெயர் வேறு என்று மறுமொழி கூறப்பட்டது. இவ்வாறு வெளிப்படையாகக் கேட்கவும் விடையளிக்கவும் இடமிருப்பதே நேர்மையான ஆய்வின் அடையாளம். ஒரு நாடு முழுவதும் தேடிய கெரிஸுக்கே கண்ட சாட்சியும் எழுதிய கையும் ஒப்பிட்ட கண்ணும் தேவைப்பட்டன. நம் பெட்டகத்துக் கெரிஸுக்கு மட்டும் கடைக்காரரின் வாய்மொழி போதுமா? சனது எங்கே என்று கேட்டுப் பழகிய சமுதாயம் இந்த ஓரிடத்தில் மட்டும் ஏன் வாயடைத்து நிற்க வேண்டும்?

பொய் வயதால் யாருக்கு என்ன நட்டம் என்று எண்ணற்க. 2023இல் நெதர்லாந்து 472 பொருள்களை இந்தோனேசியாவுக்குத் திருப்பித் தந்தது. அவற்றுள் பாலியின் குளுங்குங் அரச கெரிஸும் ஒன்று. எது யாருடையது என்று நிறுவுவதன்மேல் நாடுகளின் நீதியே இன்று நிற்கிறது. மதுராவின் சுமெனெப் பகுதியில் இன்றும் திறமை மிக்க கொல்லர்கள் புதிய அலகுகளைச் செய்கிறார்கள். அஃது அவர்தம் பெருமை. அவ்வலகை அமிலத்தில் அரிக்கவிட்டு, "அறுநூறு ஆண்டு" என்று விற்பவன் பழங்கொல்லனையும் ஏமாற்றுகிறான். உயிரோடு இருக்கும் கொல்லனின் பெயரையும் திருடுகிறான். மேலும், உண்மையான 18ஆம் நூற்றாண்டு அலகை வைத்திருக்கும் குடும்பம், மஜாபாகித் அன்று என்று அறிந்தவுடன் அதைப் பழைய இரும்பாக எண்ணி அலட்சியம் செய்கிறது. பொய்ப்புகழ் மெய்ப்பொருளை அழித்துவிடுகிறது.

ஆகவே, கெரிஸ் உள்ள இல்லத்தார் செய்ய வேண்டியவை சில. தீட்டாதீர்கள், மணல்தாள் இட்டுத் தேய்க்காதீர்கள், பாஷாணத்தைத் தொடாதீர்கள். உறையையும் பிடியையும் அலகினின்று பிரித்துத் தனித்தனியே விற்காதீர்கள். கஞ்ஜா தனித் துண்டாகப் பொருந்தியிருக்கிறதா, ஒரே இரும்பில் கோடு மட்டும் கீறியிருக்கிறதா என்று நோக்குங்கள். பாமோர், மடித்து அடித்த உலோகத்தின் அடுக்காகத் தெரிகிறதா, மேற்பரப்பில் மட்டும் அமிலத்தால் வரைந்த கோலமா என்று நோக்குங்கள். அலகைச் சிதைக்காமல் உலோகக் கலப்பை அறியும் ஊடுகதிர் ஆய்வு இன்று உண்டு. வாய்ப்புள்ளோர் அதை நாடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வையுங்கள்: யார் கொணர்ந்தார், எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், யாரிடம் பெற்றார், பின் யார் கைக்கு வந்தது என்பதை வீட்டு முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். தெரிந்தது இவ்வளவே என்று முடிப்பதில் இழுக்கு ஏதுமில்லை.

"ஏறத்தாழ 1900ஆம் ஆண்டில், பாட்டனார் ஜாவாவிலிருந்து கொணர்ந்தார், அலகு அதனினும் பழையது" என்று எழுதிய ஒரு தாள், பொன் எழுத்தில் பொறித்த "மஜாபாகித்" பலகையைவிட மதிப்புடையது. பின்னொரு நாள் வரும் ஆய்வாளன் அந்தத் தாளைத்தான் தேடுவான்.